கடலோரத்தில் முடிந்த தண்டவாளம்: தஞ்சோங் பகார் ரயில் நிலையமும் தமிழரும்



ஒரு ரயில் நிலையத்தின் வரலாற்றைக் கட்டடக் கலைஞர் பேசலாம், பொறியாளர் பேசலாம், வரலாற்றாசிரியர் பேசலாம். மொழியியல் துறையைச் சார்ந்த நாம் அதைப் பேசுவதற்கு என்ன உரிமை இருக்கிறது என்னும் வினா எழக்கூடும். ரயில் நிலையம் என்பது மக்கள் பல ஊர்களிலிருந்து வந்து கூடும் இடம். அவர்களோடு அவர்தம் சொற்களும் வந்து கூடுகின்றன. ஆதலால் அது மொழிகள் ஒன்றையொன்று உரசிக்கொள்ளும் இடமுமாகும். கட்டடத்தை அரசு பாதுகாக்கும். பதிவேடுகளை ஆவணக் காப்பகம் பாதுகாக்கும். அங்கே புழங்கிய தமிழைப் பாதுகாக்க வேண்டியவர்கள் நாம். அந்தப் பொறுப்பை உணர்ந்தே இந்த உரையை அமைத்துக்கொள்கிறோம்.

சிங்கப்பூரின் தென்கரையில், கெப்பல் சாலையில், துறைமுகத்தின் அருகே நிற்கிறது தஞ்சோங் பகார் ரயில் நிலையம். 1932ஆம் ஆண்டு மே மாதம் திறக்கப்பட்ட இந்நிலையம் 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் இரவு தன் கடைசி ரயிலை வழியனுப்பியது. இடைப்பட்ட ஏறத்தாழ எண்பது ஆண்டுகளில் ஒரு பேரரசு வீழ்ந்தது; ஒரு கொடிய போர் வந்து போனது; இரண்டு நாடுகள் பிறந்தன. நிலையம் அதே இடத்தில் நின்றது. அதைச் சுற்றியிருந்த எல்லைகளே மாறின.

டேங்க் ரோட்டிலிருந்து கடற்கரைக்கு

தஞ்சோங் பகார் சிங்கப்பூரின் முதல் ரயில் நிலையமன்று. 1903ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் டேங்க் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா வரை ரயில் ஓடத் தொடங்கியது. அதே ஆண்டில் பாதை வடகரையிலுள்ள உட்லண்ட்ஸ் வரை நீண்டது. அங்கிருந்து ஜோகூர் பாருவுக்குச் செல்வோர் படகில் நீரிணையைக் கடந்தனர். ஜோகூர் மாநிலத்தின் ஊடாகச் செல்லும் பாதை 1909ஆம் ஆண்டு நிறைவுற்றபின், சிங்கப்பூரிலிருந்து மலாயாவின் வடபகுதிவரை ரயிலும் படகும் கலந்த ஒரு நெடுவழி உருவாயிற்று.

முதல் நிலையம் அமைந்த டேங்க் ரோடு தமிழர்க்குப் புதிய இடமன்று. நகரத்தார் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் அங்கே 1859ஆம் ஆண்டு முதலே இருந்துவருகிறது. தைப்பூச நாளில் சிராங்கூன் சாலையிலுள்ள சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் காவடிகள் ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் நடந்து இன்றும் அங்கேதான் சென்று சேர்கின்றன. சிங்கப்பூரின் முதல் ரயில் முனையமும் தமிழரின் பெருவிழா முனையமும் ஒரே சாலையில் அடுத்தடுத்து இருந்தன என்பதைத் தேக்காவில் படிக்கும் மாணவர் எத்தனை பேர் அறிவர்? காவடி நிற்கவில்லை, ரயில்தான் இடம் மாறிவிட்டது.

அது இடம் மாறியதற்குக் காரணங்கள் உண்டு. பழைய பாதை நகரத்தின் நடுவே சென்றது. ஆர்ச்சர்ட் சாலையை ஒரு பாலத்தின்மேல் கடந்தது. வேறு பல இடங்களில் சாலைப் போக்குவரத்தோடு மோதியது. ஜோகூர் நீரிணையின் குறுக்கே கட்டப்பட்ட கடற்பாலத்தின்மீது 1923ஆம் ஆண்டு செப்டம்பரில் சரக்கு ரயிலும், அக்டோபரில் பயணிகள் ரயிலும் ஓடத் தொடங்கின. 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் பாலம் முறைப்படி திறக்கப்பட்டது. சற்றொப்ப ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலம் சிங்கப்பூரை ஆசியப் பெருநிலத்தோடு பிணைத்தது. படகு மாறாமல் வந்த சரக்கு நேரே கப்பலில் ஏற வேண்டுமானால் ரயில் துறைமுகம் வரை வர வேண்டும். ஆகவே புக்கிட் தீமாவிலிருந்து மேற்கே ஒதுங்கித் தெற்கு நோக்கி ஒரு புதிய பாதை வெட்டப்பட்டது. அப்பாதையின் கடலோர முனையில் எழுந்ததே தஞ்சோங் பகார் நிலையம். 1932இல் இதனைத் திறந்துவைத்த ஆளுநர் சர் சிசில் கிளமென்டி, இவ்விடத்தை ஆசியப் பெருநிலத்தின் தென்கோடி முனை என்றே குறிப்பிட்டார். நிலவழியும் கடல்வழியும் கைகோக்கும் இடம் என்பது அன்றைய ஆட்சியாளரின் பெருமிதம்.

கடற்கரையில் ரயிலைக் கொண்டுபோய் நிறுத்தும் எண்ணம் தமிழ்நாட்டுக்கும் அறிமுகமானதே. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ஆம் ஆண்டு புறப்பட்ட இராயபுரம் சென்னையின் கடலோரப் பகுதி. 1914ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பாம்பன் பாலம் தனுஷ்கோடியைத் தலைமன்னார்க் கப்பலோடு இணைத்தது. அந்தத் தனுஷ்கோடி நிலையத்தை 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிற்று. தஞ்சோங் பகாரின் ஓட்டத்தை எந்தப் புயலும் நிறுத்தவில்லை. இரண்டு அரசுகளின் ஒப்பந்தம் நிறுத்தியது.

பெயரில் உறையும் வரலாறு

மலாய் மொழியில் ‘தஞ்சோங்’ என்பது கடலுக்குள் நீண்டிருக்கும் நிலமுனை. ‘பகார்’ என்பது வேலி. மீன் பிடிப்பதற்காகக் கடலில் நட்ட கழிவேலியால் இப்பெயர் அமைந்தது என்பர் ஒரு சாரார். மற்றொரு விளக்கம் மலாய் வரலாற்றுக் கதைகளில் வருகிறது. கூரிய மூக்குடைய மீன்கள் கரையில் நின்றோரைத் தாக்கியபோது, வாழைத்தண்டுகளால் வேலி அமைத்தால் மீன்கள் அதில் குத்திச் சிக்கிக்கொள்ளும் என்று ஒரு சிறுவன் வழி சொன்னான். ஊர் பிழைத்தது. சிறுவனின் அறிவைக் கண்டு அஞ்சியோர் அவனைக் கொன்றுவிட்டனர் என்று கதை முடிகிறது. பெயர்க்காரணம் எதுவாயினும், முனையும் வேலியும் கடலைச் சார்ந்தவை என்பதில் ஐயமில்லை. பின்னர் கடல் தூர்க்கப்பட்டுக் கரை தெற்கே விலகியபோதும், பெயர் பழைய கடற்கரையைச் சுமந்துகொண்டு நிற்கிறது.

இப்பெயரைத் தமிழில் எழுதும்போது ஒரு சிக்கல் தோன்றுகிறது. சொல்லின் ஈற்றில் நிற்கக்கூடிய மெய்கள் பதினொன்று எனத் தொல்காப்பியம் வரையறுக்கிறது. அவற்றுள் ‘ங்’ இல்லை. ஆயினும் ‘தஞ்சோங்’ என்றே நாம் எழுதுகிறோம். மலாய் ஒலியை மதித்து இலக்கணத்தை நெகிழ்த்துகிறோம். முன்னோர் வேறு வழியில் சென்றனர். மலாய்க் ‘கம்போங்’ அவர்கள் நாவில் ‘கம்பம்’ ஆயிற்று. நாவுக்கு இசையாத ஈற்றொலியை இசைந்த மகரமாக்கிக்கொண்டனர். இன்று நாம் லிட்டில் இந்தியா என்று வழங்கும் வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்தன. அதனால் அங்குள்ள கம்போங் காப்பூரைத் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றனர். ‘காப்பூர்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சுண்ணாம்பு என்பதே பொருள். பெயரின் ஒரு பாதியை மொழிபெயர்த்து, மறுபாதியை ஒலித்திரிபாக்கி, முழுமையான ஒரு தமிழ்ப் பெயரை அவர்கள் படைத்துக்கொண்டனர். பள்ளிக்கூடம் காணாத பலரின் மொழித்திறம் அது.

ரயிலைக் குறிக்கும் சொற்களும் இவ்வாறே நம்மைச் சிந்திக்க வைக்கின்றன. மலாயர் அதனைக் ‘கெரேத்தா அப்பி’ என்றனர். நெருப்பு வண்டி என்பது பொருள். தமிழ்நாட்டார் ‘புகைவண்டி’ என்றனர். இலங்கைத் தமிழர் ‘புகையிரதம்’ என்று எழுதினர். பேச்சில் ‘கோச்சி’ என்றனர். ஒரே பொறியைப் பார்த்து ஒருவர் நெருப்பைக் கண்டார்; மற்றவர் புகையைக் கண்டார்; இன்னொருவர் பெட்டியைக் கண்டார். ரகரம் தமிழ்ச்சொல்லின் முதலில் வாராது என்பதால் ‘இரயில்’ என்று எழுதியோரும் உண்டு. சிங்கப்பூரில் இன்று ‘ரயில்’ நிலைபெற்றுவிட்டது. ‘பெருவிரைவு ரயில்’, ‘இலகு ரயில்’ என அது கிளைக்கவும் செய்துவிட்டது. கிளைவிடும் சொல்லை வேற்றுச்சொல் என்று ஒதுக்குதல் இயலாது. அது வேரூன்றிவிட்டது என்றே கொள்ளல் வேண்டும்.

சுவர்கள் சொன்னவையும் சொல்லாதவையும்

கட்டடத்தைச் சற்று நின்று காண்போம். ஸ்வான் அண்ட் மெக்லேரன் நிறுவனம் இதனை வடிவமைத்தது. முகப்பில் நான்கு பெரிய பளிங்குச் சிலைகள் நிற்கின்றன. இத்தாலியச் சிற்பியின் படைப்புகளான அவை வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றை உருவகிக்கின்றன. ஒவ்வொரு சிலையின்மேலும் ஓர் எழுத்தாக எஃப், எம், எஸ், ஆர் என்னும் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்வே என்பதன் சுருக்கம் அது. உள்ளே வளைகூரையுடைய உயர்ந்த மண்டபம். அதன் இருபுறச் சுவர்களிலும் பெரிய ஓவியப் பலகைகள். நெல் நடவு, ரப்பர் பால்மரம் சீவுதல், ஈயம் எடுத்தல், கொப்பரை, கப்பல், மாட்டுவண்டி ஆகியவை அவற்றில் காட்சியளிக்கின்றன. மலாயாவின் செல்வம் எங்கிருந்து வந்தது என்பதைப் பயணிக்குக் காட்டும் பாடப்புத்தகம் போன்றவை அவை.

அந்தப் பாடப்புத்தகத்தை நாம் வரலாற்றோடு சேர்த்துப் படித்தல் வேண்டும். 1932ஆம் ஆண்டு உலகப் பொருளாதார மந்தத்தின் ஆழத்தில் இருந்த ஆண்டு. ரப்பரின் விலை அடிமட்டத்தைத் தொட்டிருந்தது. மலாயாத் தோட்டங்களில் வேலை இழந்த பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். சுவரில் பால்மரம் சீவும் மனிதன் அழகாக நின்றான்; அவனைப் போன்ற உயிருள்ள மனிதனோ வேலையில்லை என்று வெளியேற்றப்பட்டுக்கொண்டிருந்தான். ஓவியத்தில் உழைப்பு இருக்கிறது; உழைத்தவனின் பெயரும் மொழியும் இல்லை. மாட்டுவண்டியும் அப்படியே. எருமைச் சாலையும் கெர்பாவ் சாலையும் இன்றும் பெயரளவில் நினைவூட்டும் சிராங்கூன் வட்டாரத்துக் கால்நடைத் தொழிலில் இந்தியர் பங்கு பெரிது. சுவரோ அவர்களைக் காட்சியாக மட்டுமே வைத்திருக்கிறது.

தமிழரை ரயில்வேயின் பயணிகளாக மட்டும் கருதுதல் பிழை. தண்டவாளம் பதித்தோரிலும், கட்டை மாற்றியோரிலும், சரளை நிரப்பியோரிலும் தமிழர் மிகுதி. எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத் தமிழர் பலர் மலாயா ரயில்வேயில் பணிபுரிந்தனர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியோர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இறங்கி ரயிலைப் பிடித்தனர். 1926ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வங்கக்கடலில் ஓடிய ‘ரஜூலா’ கப்பல் தமிழ்க் குடும்பங்களின் நினைவில் ஓர் உறவினரைப்போல இடம்பெற்றது. நூல் விற்போரும் நாணயம் மாற்றுவோருமாகத் தமிழ் முஸ்லிம்கள் வணிகம் செய்த நகரம் இது. தஞ்சாவூர்ப் பேச்சும் யாழ்ப்பாணப் பேச்சும் இராமநாதபுரத்துப் பேச்சும் எதிர்ப்படுவதற்கு ரயில்வேயைப் போன்ற பொதுவெளி அக்காலத்தில் அரிது. ஒரே அலுவலகத்தில் மேலதிகாரியும் கூலியாளும் தமிழராக இருந்தனர். ஆயினும் அவர்கள் ஒரே தமிழைப் பேசவில்லை. வட்டாரமும் வகுப்பும் கல்வியும் பிரித்த தமிழ் அது. மொழி ஒற்றுமையைப் பேசும் நாம் இதனையும் மறைக்காமல் பேச வேண்டும்.

ரயில்வே ஊழியரின் நினைவு ஒரு கோயிலாக இன்றும் நிற்கிறது. குவீன்ஸ்டவுன் வட்டாரத்தில் காமன்வெல்த் டிரைவிலுள்ள முனீஸ்வரன் கோயில், 1932ஆம் ஆண்டளவில் ரயில் பாதையோரத்தில் ரயில்வே ஊழியர் வழிபட்ட ஒரு சிறு சன்னதியாகத் தொடங்கியது. தஞ்சோங் பகார் நிலையமும் அச்சன்னதியும் ஒரே காலத்துப் பிறப்பு. முனீஸ்வரன் எல்லை காக்கும் தெய்வம். காட்டை வெட்டி இரும்பைப் பதித்த பாதையில் பாம்புக்கும் விபத்துக்கும் அஞ்சிய தொழிலாளர், தம் ஊர் எல்லையில் நின்ற தெய்வத்தைத் தண்டவாளத்து ஓரத்தில் நிறுத்திக்கொண்டனர். பளிங்குச் சிலைகளை நிறுவியவர் பெயர் நமக்குத் தெரிகிறது. அச்சன்னதியில் முதல் விளக்கை ஏற்றிய கைகளை வரலாறு எழுதி வைக்கவில்லை.

போரும் மரண ரயிலும்

1942ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பின்வாங்கிய பிரிட்டிஷ் படை கடற்பாலத்தின் ஒரு பகுதியைத் தகர்த்தது. பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அதன்பின் இந்த ரயில் பாதைக்கு இன்னொரு பயன் ஏற்பட்டது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் வேலை செய்வதற்காகச் சிங்கப்பூரிலிருந்து நேசநாட்டுப் போர்க்கைதிகள் சரக்குப் பெட்டிகளில் அடைத்து அனுப்பப்பட்டனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர் ஆசைகாட்டியும் மிரட்டியும் கொண்டுசெல்லப்பட்டனர். 1943ஆம் ஆண்டு அக்டோபரில் பாதை முடிந்தது. வாந்திபேதியும் மலேரியாவும் பட்டினியும் அதற்குள் பெருந்தொகையினரைக் கொண்டுபோய்விட்டன.

போர்க்கைதிகளுக்குப் பெயர்ப் பட்டியல் இருந்தது, கல்லறை இருக்கிறது, அவர்கள் எழுதிய நாட்குறிப்புகள் நூல்களாயின. தமிழ்த் தொழிலாளருக்கு இவற்றுள் பெரும்பாலானவை வாய்க்கவில்லை. ஆனால் தமிழ்மொழி அவர்களுக்கு ஒரு சொல்லைத் தந்தது. ‘சயாம் மரண ரயில்’ என்னும் தொடரை மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வாழும் தமிழ் முதியோர் எவரும் விளக்கம் கேட்காமலே அறிவர். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் அதே தலைப்பில் ஒரு நாவலைத் தந்தார். பட்டியல் இல்லாத இடத்தில் மொழியே பட்டியலின் வேலையைச் செய்கிறது. இதைப் பாடமாகக் கொள்ளவேண்டும் என்பது நம் கருத்து: ஒரு மக்கள்கூட்டத்தின் துயரத்தை ஆவணம் கைவிட்டாலும், அவர்கள் மொழியில் ஒரு சொல் பிழைத்திருக்குமானால், அவர்கள் முழுவதும் மறைந்துபோவதில்லை.

ஒரு நாட்டுக்குள் மற்றொரு நாட்டின் நிலையம்

1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. ஆனால் ரயில் பாதையும் அதன் நிலமும் மலேசிய ரயில்வேயின் பொறுப்பிலேயே தொடர்ந்தன. 1918ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ரயில்வே நிலத்தின் பெரும்பகுதி 999 ஆண்டுக் குத்தகையில் கூட்டரசு மலாய் மாநிலங்களின் ரயில்வேக்கு மாற்றப்பட்டிருந்தது. இரண்டு நாடுகள் தோன்றும் என்று அன்று எவரும் எண்ணியிருக்கமாட்டார். ஆகவே, சிங்கப்பூரின் நடுநகரை ஒட்டிய ஒரு நிலையத்தில் மலேசியக் குடிநுழைவு அதிகாரிகள் அமர்ந்திருந்தனர்.

1990ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் சிங்கப்பூரின் சார்பில் திரு லீ குவான் இயூவும் மலேசியாவின் சார்பில் திரு டாயிம் சைனுதீனும் நிலையத்தை மாற்றுவது குறித்த ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். அதன் பொருளை இரு தரப்பும் வெவ்வேறாகப் படித்தன. ஒப்பந்தத்தின் சொற்களே வழக்காயின. மொழி மாணவர் இதனைக் கருத்திற்கொள்ளுதல் நன்று. 1998ஆம் ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சாவடியை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது. மலேசியாவினது தஞ்சோங் பகாரிலேயே இருந்தது. விளைவாக, வடக்கே செல்லும் பயணி சிங்கப்பூரைவிட்டு வெளியேறியதாகப் பதிவாகும் முன்னரே மலேசியாவுக்குள் நுழைந்தவராகக் கருதப்பட்டார். ஒருவர் ஒரே நேரத்தில் இரு நாடுகளில் இருக்கும் விந்தையை இலக்கணத்தில் எந்த வேற்றுமை உருபாலும் விளக்க இயலாது!

2010ஆம் ஆண்டு மே 24ஆம் நாள் பிரதமர்கள் திரு லீ சியன் லூங்கும் திரு நஜிப் ரசாக்கும் இச்சிக்கலைத் தீர்த்தனர். ரயில் நிலங்களுக்கு ஈடாக மரினா சவுத்திலும் ஓஃபிர்–ரோச்சோர் வட்டாரத்திலும் நிலங்கள் ஒதுக்கப்பட்டு, இரு நாடுகளும் கூட்டாக அவற்றை மேம்படுத்துவதென முடிவாயிற்று. ஓஃபிர்–ரோச்சோர் நிலம் லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது. இன்று அங்கே நிற்கும் கோபுரங்களுக்கும் தென்கரையில் மூடப்பட்ட நிலையத்துக்கும் உள்ள தொடர்பு அவ்வழியே நடந்து செல்லும் பலருக்குத் தெரியாது.

2011ஆம் ஆண்டு ஏப்ரலில் நிலையம் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஜூன் 30ஆம் நாள் இரவு கடைசி ரயிலை ஜோகூர் சுல்தான் இப்ராஹிம் தாமே ஓட்டிச் சென்றார். கடற்பாலம் திறக்கப்பட்ட காலத்தில் ஜோகூரை ஆண்ட சுல்தான் இப்ராஹிம் அவருடைய கொள்ளுப்பாட்டனார். மறுநாள் முதல் மலேசிய ரயில்கள் உட்லண்ட்ஸோடு நின்றன. ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய தடம் இன்று பசுமை நடைபாதையாகியுள்ளது. வட்ட ரயில்பாதையின் ஆறாம் கட்டத்தில் அமையும் கான்டோன்மென்ட் நிலையம் பழைய நிலையத்தோடு இணைத்தே திட்டமிடப்பட்டது. தண்டவாளம் மண்ணுக்கு மேலிருந்து மண்ணுக்குக் கீழே இறங்கியிருக்கிறது.

நாம் செய்யவேண்டியது

கட்டடம் காக்கப்பட்டது, பாதை பூங்காவாயிற்று, சிலைகள் நிற்கின்றன. எது இன்னும் காக்கப்படவில்லை? அங்கே வேலை செய்த தமிழரின் சொற்கள்.

எடுத்துக்காட்டாக ஒன்றைக் கூறுவோம். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில்கள் வந்துவிடாமல் தடுக்க ஒரு முறை இருந்தது. வளையத்தில் கோத்த ஒரு சாவி போன்ற அடையாளப் பொருளை நிலைய ஊழியர் ஓட்டுநரிடம் கொடுப்பார். அது கையில் இருந்தால்தான் அடுத்த பகுதிக்குள் ரயில் நுழையலாம். புக்கிட் தீமா நிலையத்தில் இவ்வழக்கம் 2011ஆம் ஆண்டு இறுதி நாள்வரை நீடித்தது. அந்த வளையத்தைத் தமிழ் ஊழியர் என்னவென்று அழைத்தனர்? மேலும் கீழும் அசையும் அடையாளக் கம்பத்தைத் தமிழ்நாட்டில் ‘கைகாட்டி’ என்றனர். இங்கும் அப்படியே வழங்கினரா, மலாய்ச் சொல்லையா ஆங்கிலச் சொல்லையா எடுத்துக்கொண்டனர்? வேலையாள் குழுவின் தலைவரைக் ‘கங்காணி’ என்றனரா, ‘மண்டோர்’ என்றனரா? இவற்றுக்கு விடை எந்த அகராதியிலும் இல்லை. மலாயா ரயில்வேயில் இளைஞராகச் சேர்ந்து இன்று எண்பதைக் கடந்து நிற்கும் முதியோரிடமும், ரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த அவர்தம் பிள்ளைகளிடமும் இருக்கிறது. கட்டடத்துக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. முதியோர் நினைவுக்கு அப்படி ஒன்று இல்லை. அதற்குக் காலம் மட்டுமே இருக்கிறது. அதுவும் சுருங்கிக்கொண்டு வருகிறது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைப் பணியாக அமைக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்திலோ அண்டையிலோ உள்ள ஒரு முதியவரிடம் சென்று, ரயிலைப் பற்றியும் துறைமுகத்தைப் பற்றியும் அவர் இளமையில் வழங்கிய பத்துச் சொற்களைக் கேட்டு எழுதிவரட்டும். சொல்லை அவர் ஒலித்தவாறே எழுத வேண்டும். நூல்தமிழுக்கு மாற்றித் திருத்தலாகாது. அவர் எந்த ஊரினர், எந்த ஆண்டுகளில் எங்கே பணிபுரிந்தார், அச்சொல்லை யாரிடம் பேசும்போது வழங்கினார் என்பவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். முப்பது மாணவர் உள்ள ஒரு வகுப்பு முந்நூறு சொற்களைக் கொண்டுவரும். அவற்றுள் இருநூறு மீண்டும் மீண்டும் வருவனவாக இருக்கலாம். அது குறையன்று, அச்சொற்கள் பரவலாக வழங்கியமைக்குச் சான்றாகும். ஒரே ஒருவர் மட்டும் சொல்லும் சொல்லே மிக விரைவில் மறையக்கூடியது. அதனையே முதலில் பதிவு செய்ய வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று கூறுவோம். முதியவர் ஒருவர் ‘கோச்சி’ என்றாலோ ‘கம்பம்’ என்றாலோ அது பிழைத்தமிழ் என்று நகையாதீர்கள். இலக்கணம் அறியாத நாவால் இலக்கணம் வழுவாது மலாய்ச் சொல்லைத் தமிழாக்கிய தலைமுறையின் வாரிசு அவர். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் நாம்.

தஞ்சோங் பகார் நிலையத்தின் முகப்பில் நான்கு ஆங்கில எழுத்துகளை அன்றைய ரயில்வே கல்லில் பொறித்தது. அவை குறித்த அமைப்பு மறைந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. எழுத்துகள் மட்டும் இருக்கின்றன. அந்நிலையத்தில் பேசப்பட்ட தமிழைப் பொறிப்பதற்கு நமக்குப் பளிங்கு தேவையில்லை. ஒரு மாணவரின் குறிப்பேடும், பொறுமையாகக் கேட்கும் செவியும் போதும்.